கொறிப்பான்

எங்கள் ஊரில் முதலில் பயந்தது மக்காச்சோளம்தான். அதைப் பயமுறுத்தியவன் நான்.

என் பெயர் கலியபெருமாள். ஆவாரங்குளத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் காடும் கிணறும் இருக்கிற வரைக்கும் மோட்டார் எரியும், மோட்டார் எரிகிற வரைக்கும் என் வீட்டில் அடுப்பு எரியும். இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஒரு டம்ளர் குடித்தால் அன்றைக்கு முழுக்க வயிறு படுத்தி எடுக்கும். டீக்கடையில் நான் மட்டும் பால் ஊற்றாத வரக்காப்பி கேட்பேன், ஊரே கிண்டல் செய்யும். அந்த வயிறுதான் பின்னால் என்னைத் தனி ஆளாக நிறுத்தியது.

படைப்புழுவை நேரில் பார்க்காதவர்களுக்கு நான் சொல்லிப் புரியுமா என்று தெரியவில்லை. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. நெற்றியில் கவிழ்த்துப் போட்ட கவட்டை மாதிரி வெள்ளைக் கோடு, வால் பக்கம் நாலு கரும்புள்ளி. மக்காச்சோளத்தின் குருத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டால் எந்த மருந்தும் எட்டாது. வெளியே மரத்தூள் கொட்டிய மாதிரி அதன் கழிவு மட்டும் தெரியும். பத்து நாளில் இலையெல்லாம் கந்தல். மூன்று வருஷத்துக்கு முன்னால் அது வந்தபோது குருத்து குருத்தாக மணல் போட்டுப் பார்த்தோம். என் பெண்டாட்டி வளர்மதிக்கு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோனது. எங்கள் பழைய பஞ்சாயத்துத் தலைவர் துரைக்கண்ணு அண்ணனின் எட்டு ஏக்கரை ஆறே நாளில் முடித்துவிட்டுப் புழு தார் ரோட்டைக் கடந்து போனது. ரோடே நெளிந்தது. அண்ணன் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்த மனுஷன் அழுது அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

அதனால்தான் ஜெனிட்டா மேடம் ஜீப்பில் அந்தக் குச்சிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, ஊர் கேள்வியே கேட்காமல் வாங்கிக்கொண்டது. நாகர்கோவில்காரர், பூச்சி ஆராய்ச்சி செய்கிறவர், முப்பது வயதுகூட இருக்காது. முழங்கை நீளத்துக்கு இரும்புக் குச்சி, தலையில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு பச்சை விளக்கு. வயலுக்கு ஒன்றாக மண்ணில் அடித்து இறக்க வேண்டும். கரண்ட் வேலை என்பதால் மாட்டுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. இது என்ன செய்யும் என்று கேட்டேன்.

"செடிக்குக் காது இல்லண்ணே. ஆனா புழு இலையைக் கடிக்கிறப்ப ஒரு அதிர்வு வரும், அது செடிக்குத் தெரியும். தெரிஞ்ச உடனே உடம்புல ஒரு கசப்பை ஏத்திக்கும். புழு பாதியைத் தின்ன பிறகு ஏத்தி என்ன பிரயோஜனம்? அந்த அதிர்வை நாமளே மண்ணு வழியா முன்கூட்டியே கொடுத்துட்டோம்னா, புழு வர்றப்ப செடி தயாரா இருக்கும்."

"அப்ப செடியை ஏமாத்துறோம்னு சொல்லுங்க."

"ஏமாத்துறதுன்னு இல்ல, பயமுறுத்துறோம்," என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஊர்க்காரர்கள் அதற்குக் கொறிப்பான் என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் போதும், மற்ற நேரம் செடி ஓய்வெடுக்க வேண்டும் என்று மேடம் மூன்று தடவை சொன்னார். பெட்டிக்குள்ளேயே அதற்கு டைமர் இருந்தது. இங்கேதான் நாங்கள் எங்கள் புத்தியைக் காட்டினோம். எங்கள் பக்கம் எந்தப் பம்புசெட்டையும் யாரும் எழுந்து போய் அணைப்பது கிடையாது. விவசாயக் கரண்ட் இலவசம். ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டால் கரண்ட் வரும்போது மோட்டார் தானாக ஓடும், போகும்போது தானாக நிற்கும், வாய்க்காலில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் ஓடினால் நல்லது என்றால் நாள் முழுக்க ஓடினால் இன்னும் நல்லதுதானே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டைமரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரிலிருந்து நேராக லைன் இழுத்துக் கொடுத்தேன். அறுபத்திமூன்று வயல், அறுபத்திமூன்று பெட்டி. எல்லாம் என் கைவேலை. மேடம் வரும் நாட்களில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். பெட்டியைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஒரு புழுகூட இல்லை. புழுவின் தாய் அந்துப்பூச்சி வந்தது, முட்டை வைத்தது, குஞ்சுகள் பொரிந்து ஒரு கடி கடித்துவிட்டு நூல் மாதிரி காய்ந்து விழுந்தன. ஊரே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. துரைக்கண்ணு அண்ணன் கோயில் வாசலில் எனக்குத் துண்டு போர்த்தினார். பயிர் ஆளுயரம் நின்றது. வழக்கம்போல அடி இலைகளைக் கழித்து மாட்டுக்குப் போட்டார்கள், மாடுகள் நன்றாகத்தான் தின்றன.

கார்த்திகையில் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அக்கா, இரண்டு கறவை மாடு வைத்திருப்பவர், கிணற்றுப் பக்கம் போகமாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை, கிணறு கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றார். துரைக்கண்ணு அண்ணனுக்கு செல்போன் அடித்தால் உடம்பு வேர்த்தது. போனைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்தார். என் வீட்டில் வளர்மதி சிலிண்டரை மூடினோமா என்று பத்துத் தடவை எழுந்து போய்ப் பார்த்தாள். தீபத்தன்று ஒரு வீட்டு வாசலிலும் விளக்கு எரியவில்லை, வைக்க யாரும் வெளியே வரவில்லை. மார்கழி பிறந்தது, ஒரு கோலம் கிடையாது. பட்டப்பகலில் தெருவில் நான் மட்டும் நடந்து போவேன். ஜன்னல் இடுக்கு வழியாகக் கண்கள் பார்க்கும். ஆரம்பத்தில் நான் எல்லாரையும் கேலி செய்தேன். பிறகு கேலி செய்யவும் ஆள் கிடைக்கவில்லை.

பிறகு என் மகளுக்கு வந்தது.

அவள் பெயர் தன்ஷிகா. எண் கணிதக்காரர் வைத்த பெயர், அவளுடைய தாத்தா கடைசிவரை அதைச் சரியாகச் சொன்னதில்லை. ஒன்பது வயது. ஆறு வயதில் மேல்நிலைத் தொட்டி ஏணியில் ஏறி உச்சியில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தவள். அப்படிப்பட்ட பெண் ஒருநாள் சாப்பிடும்போது சோற்றைப் பரப்பி ஒவ்வொரு பருக்கையாகத் திருப்பிப் பார்த்தாள். என்னம்மா என்றேன். உள்ளே புழு இருக்கிறது என்றாள். சோற்றுப் பருக்கைக்குள் புழு எப்படி இருக்கும் என்று நான் பத்துப் பருக்கையை நசுக்கிக் காட்டினேன். பதினோராவதில் இருக்கும் என்றாள். ஒரு வாரத்தில் இட்லியைத் தொடுவதை விட்டாள். பிறகு பழம், பிறகு தண்ணீர்கூட வடிகட்டிப் பார்த்துத்தான். கடைசியில் அவள் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். சின்னப்பொண்ணு அக்கா அவள் கண் முன்னால் கறந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொடுக்கிற பால். பாலில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை என்பது அவள் கணக்கு. மூன்று வேளையும் பால்தான். தோள் எலும்பு ஆணி மாதிரி துருத்திக்கொண்டது. டவுன் டாக்டர் எடை பார்த்துவிட்டு முகம் மாறினார். இரண்டு வாரத்துக்குள் திட ஆகாரம் உள்ளே போகாவிட்டால் பிள்ளையைப் படுக்கையில்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அங்கேயே சேர்க்கலாம் என்றதும் அவள் அவரைப் பார்த்து அலறி, அலறி, மயங்கி விழுந்ததுதான் மிச்சம்.

இந்தச் சமயத்தில் ஜெனிட்டா மேடம் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கவில்லை, கண்ணாடியைக்கூட முழுசாக இறக்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். ஊரில் எல்லாருக்கும் இருந்த அதே கண். என்னை முன் சீட்டில் ஏறச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

"பெட்டி நாள் பூரா ஓடுதுல்ல?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டு மணி நேரம் ஓடினா ராத்திரிக்குள்ள அந்தக் கசப்பு இறங்கிடும்ணே. ஓய்வே இல்லாம மூணு மாசமா செடி பயந்துகிட்டு இருக்கு. இலையில ஏறி, இலையைத் தின்ன மாட்டுல ஏறி, பாலுக்கு வந்துடுச்சு. பாலைச் சோதிச்சுட்டேன். மனுஷன் உடம்புல அது போனா நெஞ்சு அடிச்சுக்கும், மயிர்க்கால் நிக்கும். ஆனா எதுக்குன்னு உடம்புக்குத் தெரியாது. பயத்துக்கு ஒரு காரணம் வேணும்ல, மூளை எதையாவது தேடிப் பிடிச்சுக்கும். ஒருத்தருக்குக் கிணறு. ஒருத்தருக்குப் போன்."

"என் பொண்ணுக்குப் புழு," என்றேன். பாலை மட்டும்தான் குடிக்கிறாள் என்று சொன்னேன். அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

குணமாகுமா என்று கேட்டேன். பெட்டியை நிறுத்தினால் எட்டு நாளில் இலையிலிருந்து இறங்கிவிடும், பாலிலிருந்தும் போய்விடும், மனுஷரும் சரியாகிவிடுவார்கள் என்றார். அப்படியானால் மேலே எழுதுங்கள், அதிகாரிகள் வந்து எல்லாப் பெட்டியையும் இரண்டு மணி நேரத்துக்கு மாற்றி சீல் வைக்கட்டும், நான் செய்த தப்பை நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். பின் சீட்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். எல்லாம் எழுதித் தயாராக இருந்தது, தேதி பதினைந்து நாள் பழையது.

"கையெழுத்துப் போட முடியலண்ணே. பேனாவை எடுத்தா கை ஆடுது. இந்தத் தாள் வெளிய போனா யாரோ என்னைத் தேடி வருவாங்கன்னு தோணுது. அப்படி யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் முடியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரத்துக்கு இரண்டு நாள் அவர் எங்கள் ஊருக்கு வந்தார். வந்த நாளெல்லாம் வீட்டுக்கு வீடு டீ. விருந்தாளிக்கு வரக்காப்பி கொடுப்பது எங்கள் பக்கம் மரியாதைக் குறைவு, பால் கெட்டியாக ஊற்றித்தான் கொடுப்பார்கள். என் வீட்டிலேயே வளர்மதி அவருக்கு இரண்டாவது டம்ளரை வலுக்கட்டாயமாகக் கையில் திணித்திருக்கிறாள். எங்களுக்கு விஷயம் சொல்ல இருந்த ஒரே ஆளையும் நாங்கள் உபசரித்தே முடித்துவிட்டோம். மேடம், ஊருக்குப் போய் அம்மாவோடு இருங்கள், எங்கள் பக்கத்துப் பால் வேண்டாம் என்று கெஞ்சினேன். சரி என்றார். ஜீப் போகும்போது முன்னாலும் பின்னாலும் பார்த்துக்கொண்டே போனது.

மறுநாள் காலை சமுதாயக்கூடத்தில் ஊரைக் கூட்டினேன். ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததையெல்லாம் சொன்னேன். நிறுத்த வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்துக்கொள்வோம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்டவர்கள் முகத்தில் நம்பாத தோற்றம் இல்லை. நம்பினார்கள். நம்பியும் வேண்டாம் என்றார்கள். துரைக்கண்ணு அண்ணன் என் காலைப் பிடிக்கவே குனிந்துவிட்டார்.

"கலியா, நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும்டா. நிறுத்தின நேரத்துல அது வந்துட்டா என்னா பண்றது? ரோட்டுல அது போனதை நீயும்தான் பாத்த. இதுல கை வைக்காதடா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறன்."

பயத்தை உண்டாக்குகிற பெட்டியை, பயத்தினாலேயே யாரும் அணைக்கத் துணியவில்லை. அன்றைக்கே இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். வெளியூர் வைக்கோல், தட்டை எதுவும் ஊருக்குள் வரக்கூடாது, அதில் புழு முட்டை இருக்கும். எல்லையில் மூங்கில் கட்டினார்கள். நான் சின்னப்பொண்ணு அக்காவின் மாட்டுக்கென்று திருச்சிப் பக்கத்திலிருந்து நெல் வைக்கோல் ஒரு வண்டி கொண்டுவந்தேன். மூங்கிலுக்கு அந்தப் பக்கமே கொளுத்திவிட்டார்கள். பாக்கெட் பால் வாங்கி வந்தேன். பிளாஸ்டிக்குக்குள் யார் என்ன போட்டார்களோ என்று தன்ஷிகா தட்டிவிட்டாள். மாமியார் ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்று ஆட்டோவில் ஏற்றினேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவளுக்கு வலிப்பு வந்தது, வளர்மதி ஆட்டோக்காரரின் சட்டையைப் பிடித்துத் திருப்பச் சொல்லி அலறினாள். அந்த ஊரிலும் கொறிப்பான் நாள் முழுக்கத்தான் ஓடியது, போயிருந்தாலும் பயனில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆட்டோ திரும்பி வந்த அன்று மதியம் தன்ஷிகா பால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டம்ளரின் கனம் தாங்காமல் மணிக்கட்டு ஆடியது. டாக்டர் சொன்ன நாளில் மூன்று போய்விட்டது. எனக்கும் அப்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்குப் பாலும் இல்லை, கசப்பும் இல்லை. பிள்ளை போய்விடுவாள் என்ற பயம் மட்டும்தான். கட்டிங் பிளேயரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

யாரையும் ஏமாற்றிப் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. உச்சி வெயிலில் நேராக நடந்து போனேன். காட்டில் ஒரு ஆள் கிடையாது, அத்தனை பேரும் வீட்டுக்குள். மாட்டுக்கு இலை கழிக்கிறவர்கள்கூட ரோட்டோரத்து இரண்டு சால் பயிரில் அவசரமாகக் கழித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். மூன்று மாதமாக நான் வயலுக்குள் நடுவில் போனதில்லை. இப்போது போனேன். ஒரு குருவி இல்லை, ஒரு எறும்பு இல்லை. இலைகள் பச்சையை மீறிக் கறுத்திருந்தன. காற்றே இல்லாமல் இலை நுனிகள் ஆடின. மண்ணில் உள்ளங்கையை வைத்தேன். லட்சம் புழு ஒரே சமயத்தில் கடிக்கிற அதிர்வு கை வழியாக ஏறிப் பல் வரைக்கும் வந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். இதில்தான் இந்தச் செடி முளைத்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது, ஒரு செடியிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது.

பெட்டியைத் திறந்து, உள்ளே காயிலுக்குப் போகிற ஒற்றை ஒயரை வெட்டினேன். விளக்குக்குப் போகிற ஒயரைத் தொடவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வெட்டிய முனைக்கு டேப் சுற்றி மூடினேன், பழக்கதோஷம். இரண்டு மணி நேரத்துக்கு மாற்றி வைக்கலாமே என்று கேட்பீர்கள். டைமர் போர்டுகளை லைன் இழுத்த அன்றைக்கே கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டிருந்தேன், அவை இல்லாமல் ஓட்டவும் அணைக்கவும் ஒவ்வொரு வயலாக நான்தான் தினமும் ஓட வேண்டும். அறுபத்திமூன்றையும் முடிக்க எனக்கு இரண்டு பகல் ஆனது. கடைசிப் பெட்டியை மூடியபோது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஊர்ச் சோற்றில் கை வைத்துவிட்டேன் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் ஒரு இலையின் அடியில் முட்டைக் குவியலைப் பார்த்தேன், பஞ்சு போர்த்தியது மாதிரி இருந்தது. எட்டாம் நாள் குருத்தில் மரத்தூள். அன்றே மருந்து அடித்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று துரைக்கண்ணு அண்ணன் வீட்டு வாசல்வரை போய்விட்டேன். சொன்னால் பெட்டியைத் திறப்பார்கள், ஒயரை இணைப்பார்கள், மறுபடியும் முதலிலிருந்து. வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இதை நான் எந்தச் சாமி முன்னாலும் நியாயம் என்று சொல்லமாட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை சின்னப்பொண்ணு அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார், போகிற வழியில் யாரையோ உரக்கத் திட்டினார். இத்தனை நாளுக்குப் பிறகு தெருவில் கேட்ட முதல் சண்டை. எனக்கு இனிப்பாக இருந்தது. மறுநாள் நாலு வீட்டில் கோலம். அன்று மதியம் வளர்மதி ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். தன்ஷிகா வந்து அவள் கையிலிருந்தே ஒரு உருண்டையை வாங்கி, பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். உப்பு இல்லை என்றாள். நான் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பதினோராம் நாள் ஜெனிட்டா மேடத்திடமிருந்து செய்தி வந்தது. நாகர்கோவில் வந்து நன்றாக இருக்கிறேன் அண்ணே, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன், அடுத்த வாரம் ஆட்கள் வந்து எல்லாப் பெட்டியையும் இரண்டு மணி நேரத்துக்கு மாற்றிவிடுவார்கள், பயிருக்கும் ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள் என்று எழுதியிருந்தார். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்கள் வருகிற வரைக்கும் காத்திருந்தால் பயிர் தப்பியிருக்கும். பிள்ளை தப்பியிருப்பாளா என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

அந்த ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை, ஊர்க்காரர்கள் காட்டுக்குப் போகவும் ஒரு வாரம் ஆனது. போனபோது அங்கே குச்சிதான் நின்றது. கதிரைக்கூடப் புழு துளைத்துத் தின்றிருந்தது. தின்று முடித்துவிட்டு, டவுன்காரர் ஒருவர் ரோட்டோரம் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தின் புல்வெளியில் இறங்கியிருந்தது. தினம் தண்ணீர் தெளித்துக் கம்பளம் மாதிரி வளர்த்த புல், மூன்று நாளில் வெந்துபோன பழுப்பு. வாட்ச்மேன் நடுவில் நின்று புழுவைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தாராம்.

காட்டைப் பார்த்தபோது ஒருவரும் அழவில்லை. அதில்தான் எனக்கு உறுதியாகப் புரிந்தது, இவர்கள் சரியாகிவிட்டார்கள் என்று. கோபப்பட்டார்கள். பச்சை விளக்கு எரிகிற பெட்டியை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒயரை நேராக வெட்டி, முனைக்கு அழகாக டேப் சுற்றியிருந்தது. எங்கள் பக்கம் அப்படி வேலை செய்கிறவன் ஒருத்தன்தான்.

தெருமுனையில் சத்தம் கேட்டபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மதியம் ஒரு மணி இருக்கும். வளர்மதிக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டிருந்தது. எங்கள் ஊர் எல்லைக்குள் இருந்த அவளுடைய அண்ணன் காடும் அதில் போயிருந்தது. நீயா செய்தாய் என்று ஒரே தடவை கேட்டாள், அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எழுந்து கதவைத் தாழிட்டு, அதன் மேல் முதுகைக் கொடுத்து நின்றேன். வெளியே முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பாலிலிருந்த கசப்பு, டாக்டர் சொன்னது, ஜெனிட்டா மேடம் சொன்னது, எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னாலிருந்தே கத்திச் சொன்னேன். துரைக்கண்ணு அண்ணன் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே வந்தது.

"பயமா? நாங்க எப்படா பயந்தோம்? குளுருக்கு நாலு நாள் வீட்டுல கெடந்தா அது பயமா? வெளிய வாடா கலியா."

சமுதாயக்கூடத்தில் என் காலைப் பிடிக்கக் குனிந்த மனுஷன். அவருக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. ஆனால் குணமான பிறகு அந்த ஞாபகத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? கதவில் முதல் உதை விழுந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, உடம்பெல்லாம் மயிர் நின்றது. இத்தனை மாதம் இவர்கள் இப்படித்தான் இருந்தார்கள் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. ஊரில் இப்போது பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்தன்தான்.

தன்ஷிகா தட்டில் கடைசி வாயை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. என்னை அண்ணாந்து பார்த்தாள், எனக்கு ஏன் வேர்க்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. வேண்டாம்மா, திறக்காதே என்று கிசுகிசுத்தேன். என் இடுப்பைத் தள்ளி நகர்த்திவிட்டு எம்பித் தாழ்ப்பாளை விலக்கினாள். கதவை அகலத் திறந்தாள். வாசல் நிறைய நின்ற ஆட்களை ஒருமுறை பார்த்தாள்.

"அப்பா உள்ளதான் இருக்காரு. வாங்க," என்றாள். அவள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.